பாஸ்கரண்ணையின் கறுத்த சோஸ்

சட்டி கொதிக்கத் தொடங்கிய பிறகு பாஸ்கரண்ணை மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. வலக்கையில் அகப்பை இருக்கும். இடக்கை சும்மா தொங்காது. இடுப்பளவு உயரத்தில், ஒரு குமிழைப் பொத்திப் பிடித்ததுபோல விரல்கள் மடங்கி, காற்றில் நிற்கும். உதடு மெல்ல அசையும். “நல்லூர்… கல்வியங்காடு… இருபாலை…” ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை அடிச்சட்டியை வழித்துவிடுவார். கோப்பாயில் அடுப்பைக் குறைப்பார். நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் எல்லாம் தாண்டி வல்லை வெளி வந்ததும் வழிப்பதை விட்டுவிட்டு ஒரே சீராகக் கிண்டுவார், அங்கே ஏறி இறங்க ஆட்கள் இல்லை என்பதால். நெல்லியடியில் ஒரு சொட்டை எடுத்து வெள்ளைப் பீரிஸில் விட்டு, கோப்பை வைக்கிற பள்ளத்திலிருந்து விளிம்புவரை அது ஓடும்படி பீரிஸைச் சரிப்பார். சொட்டின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் இன்னும் பருத்தித்துறைக்குப் போக வேண்டும். பிரியாவிட்டால் பயணம் நெல்லியடியோடு முடிந்தது.

இருபத்தாறு வருடம் அந்தப் பாதையில் தனியார் பஸ் ஓட்டியவர் அவர். ஒருநாள் நான் நேரம் பார்த்தேன். நெல்லியடிக்கு நாற்பது நிமிடம். உண்மையான பஸ்ஸுக்கு அது காணாது. குசினியில் கைகாட்டி மறிக்கிறவர்கள் இல்லைத்தானே.

இவ்வளவையும் அவர் செய்வது தலையில் ஹெல்மெற்றோடு. மோட்டார்சைக்கிள் ஹெல்மெற், கண்ணாடி இறக்கியபடி. மிளகாய் ஆவி கண்ணில் படக்கூடாது என்பதற்காக.

அவருடைய முழுப்பெயர் சுபாஸ்கரன். வயது ஐம்பத்துநாலு. பஸ் றைவர் என்பதால் உரும்பிராயில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுக் கிழவருக்கும் அவர் பாஸ்கரண்ணைதான். நான் பக்கத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். என் அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு விறாந்தை. கதவு திறந்திருந்தால் அடுப்படி முழுக்கத் தெரியும். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அதனாலேயே நான் அங்கே இருப்பதை அவர்கள் பல நேரம் மறந்துபோவார்கள்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவர் பஸ்ஸை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இடக்கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து இருளத் தொடங்கியிருந்தது. இருபாலை வளைவில் இடப்பக்கமாக வந்த சைக்கிள்காரர் ஒருவரை அவர் காணவே இல்லை. கொண்டக்டர் கத்தியதால் பிரேக் பிடித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று பருத்தித்துறையில் சனத்தை இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸை மெதுவாக ஓட்டிவந்து, முதலாளியின் மேசையில் பஸ் திறப்பை வைத்துவிட்டார். பிறகு கண் வைத்தியரும் இனி ஓட்டக்கூடாது என்றுதான் எழுதிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகும் காலமை நாலரைக்கு எழும்புவார். குளித்து, முகம் வழித்து, சேட்டுப் போட்டு, தலை இழுத்து, கட்டிலில் வந்து இருப்பார். போக ஓர் இடம் இல்லை. ஏழரைக்கு அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகும்போது, “போட்டு வாறன்” என்று கட்டிலைப் பார்த்துச் சொல்லுவார். கட்டிலில் இருந்து ஒரு “ம்” வரும். நான் பின்னேரம் திரும்பி வரும்போதும் சேட்டில் ஒரு கசங்கல் இருக்காது. நாலு மாதம் இப்படியே போனது.

சித்திரையில் மழை பிடித்தது. பக்கத்துத் தோட்டக்காரர் முருகேசர் ஒரு சாக்குப் பழமிளகாயை இழுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டார்.

“பாஸ்கரன், உதை ஏதும் செய்யேலுமோ எண்டு பார். செத்தலாக் காயவிடுவம் எண்டால் வானம் விடுதில்லை. சந்தையிலை பழத்தை ஒருத்தரும் திரும்பியும் பாக்கினமில்லை.”

“நான் என்னத்தைச் செய்யிறது? மிளகாயை ஊத்திப் பஸ்ஸே ஓட்டுறது?”

“ஊத்தினால் ஓடும். அவ்வளவு உறைப்பு.”

சாக்கு இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் பாஸ்கரண்ணை அதை அவிழ்த்துப் பார்த்தார். அடியில் கிடந்தவை நசியத் தொடங்கியிருந்தன. முகத்தைச் சுளித்தார். கதிரையை இழுத்துப் போட்டு, நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தொடங்கினார். பின்னேரம் அவருடைய போனில் சென்னைப் பெண் ஒருவர் மிளகாய்ச் சோஸ் செய்யும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. காம்பு கிள்ளி, உள்ளியும் இஞ்சியும் சேர்த்து, வினாகிரியில் அவித்து, அரைத்து, அரிதட்டில் வடித்து, உப்பும் நூற்றைம்பது கிராம் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுங்கள் என்றார் அந்தப் பெண். அந்த இடத்தை மட்டும் பாஸ்கரண்ணை நாலு தரம் போட்டுக் கேட்டார், அளவு பிழைக்கக்கூடாது என்று.

அடுத்த நாள் சனிக்கிழமை. அவித்தபோது வீடு முழுக்கத் தும்மியது. முருகேசர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தும்மினார். அவருடைய மாடும் தும்மியது என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். பாஸ்கரண்ணை வெளியே ஓடிப்போய் ஹெல்மெற்றோடு திரும்பி வந்தார். அதைக் கண்டு நாகேஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் நான் அவருடைய சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீடியோவில் சோஸ் பளீரென்று சிவப்பாக இருந்தது. இங்கே வந்தது பழப்புளி நிறம்.

“அவையின்ரை மிளகாய் வேறை சாதி,” என்றார் பாஸ்கரண்ணை. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

இரவுப் புட்டோடு எனக்கும் ஒரு கரண்டி வந்தது. முதலில் ஓர் ஆழமான இனிப்பு, கருகுவதற்குச் சற்று முந்தியதுபோல. பிறகு புளிப்பு. உறைப்பைக் காணவில்லையே என்று நினைத்து விழுங்கினேன். அப்போதுதான் அது வந்தது. மறுநாள் முருகேசர் அதைச் சரியாகச் சொன்னார்: “முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை. விழுங்கினாப் பிறகு பின்னாலை வந்து நிண்டு ஹோர்ன் அடிக்குது!”

சாக்கு முடிந்ததும் முருகேசரிடமிருந்து இன்னொரு சாக்கு வந்தது. பாஸ்கரண்ணை போத்தல்களை அவித்துக் காயவைத்தார். நிறைத்து, அயலுக்குக் கொடுத்தார். எப்படிச் செய்தது என்று கேட்டவர்களுக்கு, ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அது கைப்பக்குவம்,” என்பார். பகிடியாகத்தான் தொடங்கினார். ஆவணி வரும்போது பகிடி இல்லை.

ஆனால் அயலுக்குக் கொடுப்பது தொழில் ஆகாது. சோஸ் காய்ச்சாத நாட்களில் அவர் இன்னமும் சேட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடம் சொன்னார்:

“இஞ்சாரும், ஜெரிசனின்ரை கடையிலை எங்கடை சோஸை வச்சா எப்பிடி? காலமை ஏழு மணிக்குப் போத்தலோடை போய் இறங்கலாம். எனக்காக ஆரும் ஒருத்தர் பாத்துக்கொண்டு நிப்பினம்.”

அக்கா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். “கேட்டுப் பாருங்கோவன்,” என்றார்.

ஜெரிசன் ஒரு காலத்தில் பாஸ்கரண்ணையின் பஸ்ஸில் ஏழு வருடம் கொண்டக்டராக இருந்தவர். இப்போது திருநெல்வேலியில், வளாகத்துக்குக் கிட்ட, றோல்ஸும் கொத்துரொட்டியும் விற்கிற கடை. நாங்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவோம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, வெள்ளைச் சேட்டோடு நேரே உரும்பிராய்க்கு வந்தார். பாஸ்கரண்ணை வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு அடுப்பை மூட்டி வைத்திருந்தார். ஜெரிசன் வாசலில் நின்று ஹெல்மெற்றைப் பார்த்தார்.

“என்னண்ணை, சோஸுக்கும் பொலிஸ் மறிக்குதோ?”

“வாயை மூடிக்கொண்டு உதிலை இரடா. முதல் ருசி பார்.”

ஜெரிசன் கையோடு கொண்டுவந்த றோல்ஸைப் பிய்த்து, பீரிஸில் விட்டிருந்த சோஸில் தோய்த்தார். மென்றார். இரண்டாவது துண்டையும் தோய்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. பாஸ்கரண்ணை அகப்பையை விடாமல், ஆனால் சட்டியைப் பார்க்காமல் நின்றார்.

“சோஸ் திறம் அண்ணை. பொய் சொல்லேல்லை. ஆனால் நிறம்…”

“நிறத்துக்கு என்ன?”

“இதை மேசையிலை வச்சால் பெடியள் சோயா சோஸ் எண்டு நினைச்சுக் கொத்துக்கு மேலை அரைப்போத்தலை ஊத்திப்போடுவாங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏத்திக்கொண்டு போகவேணும். சிவப்பாச் செய்து தாங்கோ. கிழமைக்கு இருபது போத்தல் எடுக்கிறன்.”

“எங்கடை மிளகாய்க்கு உதுதான் நிறம்.”

“எங்கடை மிளகாய் ரத்தச் சிவப்பெல்லே! என்ன போட்டனீங்கள்? எங்கை, அந்த வீடியோவைக் காட்டுங்கோ.”

போனைச் சோஸ் போத்தலில் சாய்த்து வைத்தார்கள். சென்னைப் பெண் பேசினார். நூற்றைம்பது கிராம் சர்க்கரை என்றார். ஜெரிசனின் பார்வை போனிலிருந்து அடுப்படித் தட்டுக்குப் போனது. அங்கே பொங்கலுக்கு வாங்குகிற மண்ணிறச் சர்க்கரைக் கட்டி, பாதி சுரண்டப்பட்டு, கடதாசியில் இருந்தது. அவர் சின்ன வயதில் எட்டு வருடம் திருச்சியில் அகதி முகாமில் வளர்ந்தவர்.

“ஐயோ அண்ணை!” என்று தொடையில் அடித்துச் சிரித்தார். “அங்கை சர்க்கரை எண்டால் எங்கடை சீனி! வெள்ளைச் சீனி! நீங்கள் போட்டதை அவையள் வெல்லம் எண்டு சொல்லுவினம். சந்தையிலை சோஸ் வாங்கி ருசி பாத்து, ஆராய்ச்சி பண்ணி, ஏதோ தனிப் பக்குவம் பிடிச்சிட்டியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்!”

அவர் மனதில் கெடுதல் இல்லை. ஏழு வருடம் ஒரே பஸ்ஸில் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணி வளர்ந்த பழக்கம். ஆனால் பாஸ்கரண்ணையின் இடக்கை மெதுவாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். சிறுப்பிட்டி தாண்டியிருக்காது. அடுப்பை நிற்பாட்டினார். ஹெல்மெற்றைக் கழற்றி மர வாங்கிலில் வைத்தார்.

“ஓம், உது பிழைதான்,” என்றார். “இவ்வளவு நாளும் ஊருக்குப் பிழையைத்தான் குடுத்திருக்கிறன்.”

“பிழை எண்டு ஆர் சொன்னது? அண்ணை, நில்லுங்கோ…”

அறைக்கதவு சாத்திக்கொண்டது. ஜெரிசன் முகம் செத்துப்போய், நாகேஸ்வரி அக்காவைப் பார்த்தார். அக்கா சட்டியை இறக்கி மூடினார். “நீர் வெளிக்கிடும் தம்பி. அவர் வருவார்,” என்றார்.

ஒன்பது நாள் அவர் வரவில்லை. சேட்டு, கட்டில், “ம்”. முருகேசர் வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன, இண்டைக்கும் மாடு தும்மேல்லை?” என்று கேட்டுவிட்டுப் போனார். பத்தாம் நாள் காலமை, முன்பள்ளிக்குப் போகிற அவசரத்தில், அக்கா கதவடியில் நின்று சொன்னார்:

“இஞ்சாருங்கோ, சீனியிலை ஒருக்கால் காய்ச்சிப் பாருங்கோவன். சரிவராட்டி விடுவம்.”

நான் அன்று விரிவுரைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்குக் குசினியில் சத்தம் கேட்டது. சீனியில் காய்ச்சியது வீடியோவில் வந்ததுபோலவே பளபளத்தது. பாஸ்கரண்ணை ஒரு சொட்டைச் சுண்டுவிரலால் எடுத்து, இடது புறங்கையில் வைத்து, நக்கிப் பார்த்தார்.

“இது கடைச் சோஸ்,” என்றார். யாருக்கும் சொல்லவில்லை. சட்டிக்குத்தான் சொன்னார்.

ஆனாலும் போத்தலில் அடைத்தார். திங்கட்கிழமை ஆறே முக்காலுக்குப் பையோடு பலாலி வீதிக்கு நடந்து, பஸ் ஏறி, றைவருக்குப் பின்சீற்றில் இருந்து திருநெல்வேலிக்குப் போனார். ஜெரிசன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதைத்தானே கேட்டனான்!” என்றார். பாஸ்கரண்ணை கடைசி மேசையில் ஒரு தேத்தண்ணியோடு இருந்து, பெடியள் ஊற்றிச் சாப்பிடுவதைப் பார்த்தார். செவ்வாயும் பார்த்தார். வெள்ளி வரைக்கும் பார்த்தார். நானும் என் சிநேகிதர்களும் அதில் இருந்தோம். கம்பனிப் போத்தல் கிட்ட இருந்தால் அதை எடுத்தோம். அவருடைய போத்தல் கிட்ட இருந்தால் அதை எடுத்தோம்.

அன்றிரவு விறாந்தையில் அவர் அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

“நல்லதுதானே. குறை சொல்லேல்லையே.”

“குறை சொல்லேல்லை. ஒண்டுமே சொல்லேல்லையப்பா. கறுத்ததைத் திண்டால் மனுசன் ஏதாவது சொல்லுவான்.”



“அப்ப கறுத்ததைக் கொண்டு போங்கோ,” என்றார் அக்கா.

“அவன் வேண்டாம் எண்டால்?”

“அதுக்கும் ஒருக்காப் போய்த்தானே கேக்கவேணும்.”

ஞாயிறு முழுக்கக் குசினியில் சர்க்கரை மணந்தது. போத்தலில் ஒட்ட ஏதாவது எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தார். “நீர் கவிதையெல்லாம் வாசிக்கிறனீர். ஒரு நல்ல வசனமாச் சொல்லும்.” நான் அரைமணித்தியாலம் யோசித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாசித்துவிட்டு, கடதாசியை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பிறகு தானே குமிழ்முனைப் பேனையால், பஸ்ஸில் பெயர்ப்பலகை எழுதுகிற கொட்டை எழுத்தில், ஒவ்வொரு கடதாசித் துண்டிலும் எழுதினார்: இது சோயா சோஸ் இல்லை.

ஜெரிசன் அதை வாசித்துத் தலையில் கைவைத்தார். “அண்ணை, பிடிவாதம் பிடியாதேங்கோ. இருபது போத்தல் சிவப்புக்கு ஓமெண்டு வந்த இடத்திலை…”

“ஒரு கிழமை வச்சுப் பார். போகாட்டிச் சிவப்பே தாறன். இல்லாட்டி வீட்டை இருக்கிறன்.”

மேசைக்கு ஒன்றாக வைத்தார்கள். முதல் நாள் ஒருவன் துண்டை உரத்து வாசித்து, “அப்ப என்னண்ணை, என்ஜின் ஒயிலோ?” என்று கேட்டான். கடை சிரித்தது. பாஸ்கரண்ணை தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பந்தயத்துக்கு ஊற்றினான். தின்றான். சிரிப்பை நிற்பாட்டி, தண்ணீர்க் கோப்பையைத் தேடினான். குடித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

“டேய், இதைத் திண்டு பாருங்கோடா. மெல்லமா வந்து அடிக்குது.”

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. சிலர் முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். ஜெரிசனும் மேசையிலிருந்து சிவப்புக் கம்பனிப் போத்தலை எடுக்கவில்லை. இருபது எட்டானது. ஆனால் மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை, நான் கையைக் கழுவிக்கொண்டு நின்றபோது, முன்மேசையில் இருந்த ஒரு பெட்டை, “அண்ணை, கறுத்தது முடிஞ்சுதோ?” என்று குரல் கொடுத்தாள். ஜெரிசன் பின்மேசையைக் கைகாட்டினார். “அந்தா, அவரைக் கேளுங்கோ. அவர்தான் ஆள்.”

பாஸ்கரண்ணை எழும்பினார். பையை அங்கும் இங்கும் துழாவினார். “நாளைக்கு ஏழு மணிக்கு வரும், பிள்ளை,” என்றார். சொல்லிவிட்டு நேரே வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு நான் அந்த அறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். அவர் ஏழு மணிக்குப் போகாத நாள் என்றால், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் மச்சமாமிசம் விட்டு, ஜெரிசன் கடையை அரைவாசி மூடுகிற நாட்கள்தான்.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வவுனியாவுக்குப் போனேன். போன மாசி மாதம் வந்தபோது திருநெல்வேலிச் சந்தையில் நாகேஸ்வரி அக்காவைக் கண்டேன். சைக்கிள் கூடைக்குள் நாலைந்து சர்க்கரைக் கட்டிகள் இருந்தன. சுகம் விசாரித்தோம். பாஸ்கரண்ணையின் மற்றக் கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். ஜெரிசன் இப்போது பன்னிரண்டு போத்தல் எடுக்கிறாராம். வேறு கதை இல்லாமல் நான் கூடையைப் பார்த்து, “வீட்டிலை சீனியை விடச் சர்க்கரைதான் கனக்கப் போகுது போலை,” என்றேன்.

“இப்ப அப்பிடித்தான். முந்தி எங்கை? முதல் நாள் அவர் காய்ச்ச வெளிக்கிட்டு, சர்க்கரை எங்கை எண்டு கேக்கேக்கை வீட்டிலை ஒரு துண்டு இல்லைத் தம்பி. தைப்பொங்கல் முடிஞ்சால் ஆர் வாங்கி வைக்கிறது? மழைக்குள்ளை சைக்கிளிலை சங்கக்கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தனான். சீனி ஒரு ரின் நிறைய இருந்தது.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

“அப்ப அக்கா, அந்த வீடியோவிலை சொன்னது…”

“அந்த மனிசியின்ரை சமையலை நான் மூண்டு வருசமாப் பாக்கிறனான். அவ சர்க்கரை எண்டால் சீனி எண்டு எனக்குத் தெரியாதே? நாலு மாசத்துக்குப் பிறகு மனுசன் வாய் திறந்து ஒண்டு கேட்டது. கேட்டதை வாங்கிக் குடுத்தனான்.”